பூட்டு நம்மிடம்... பெட்டி யாரிடம்?

2025 மே 3, சனிக்கிழமை. காலை ஏழே முக்கால். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் முதல் உறிஞ்சு உறிஞ்சியிருப்பேன். முதலாளியிடமிருந்து போன்.

"தம்பி, இத்தாலியிலேர்ந்து நமக்கு வர்ற பெட்டி இருக்கே... அந்தக் கப்பல் கராச்சியைத் தொட்டுட்டு வருதா?"

டீ புரையேறிவிட்டது. இத்தாலி எங்கே, கராச்சி எங்கே, ஆம்பூர் எங்கே!

"விசாரிச்சுச் சொல்றேன் பாய்" என்று போனை வைத்தேன்.

முதலில் என்னைப் பற்றி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஷிப்பிங் கிளார்க். 'ஷிப்பிங்' என்ற சொல்லை நம்பி, மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று பெண் கொடுத்தவர் என் மாமனார். மாப்பிள்ளை கப்பலைப் பார்த்ததே மெரினா மணலில் நின்றுதான் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் மொய் எழுதி முடித்துவிட்டார்கள்.

என் வேலை காகித வேலை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் ஊறுகிற தோலும் தைக்கிற ஷூவும் லாரி ஏறிச் சென்னைத் துறைமுகம் போகும். அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா. அந்தப் பெட்டிகளுக்கு ஜாதகம் எழுதுகிறவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். பெட்டி கடலில் இருக்கும் முப்பது நாற்பது நாளும் கம்பெனியின் பணம் கடலில் மிதக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டில் நமக்கு பங்களா இல்லை, பாங்க் கணக்கு இல்லை. வெளிநாட்டுச் சொத்து என்று இருப்பதெல்லாம் அந்தப் பெட்டிதான்!

கராச்சிக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 22-ல் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பத்து நாள் கழித்து, மே 2-ம் தேதி டில்லியிலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, பாகிஸ்தான் சரக்கு எதுவும் நேராகவோ சுற்றி வளைத்தோ இந்தியாவுக்குள் வரக்கூடாது. நம் வழியாகக் கடந்து போகவும் கூடாது. இரண்டாவது, கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் போட்டது. பாகிஸ்தான் கொடி பறக்கும் கப்பல் நம் துறைமுகத்துக்கு வரக்கூடாது. நம் கொடி பறக்கும் கப்பல் பாகிஸ்தான் துறைமுகத்துக்குப் போகக்கூடாது. 1958-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்தின் 411-வது பிரிவின்படி இந்த உத்தரவு. மறுநாளே பாகிஸ்தானும் பதிலுக்குப் பதில் கதவைச் சாத்தியது.

'அவன் வரக்கூடாது' என்பது கோபம். புரிகிறது. 'நம்மவன் போகக்கூடாது' என்பது எதற்கு? உத்தரவிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள். இந்தியச் சொத்துக்கள், சரக்கு, அதைச் சார்ந்த கட்டமைப்பு இவற்றின் பாதுகாப்புக்காக என்று.

வீட்டுக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். வீட்டைத் திருடன் தேடி வரவேண்டும். கப்பல் தானாகவே போய் அடுத்தவன் வாசலில் நிற்கிறது. அன்னியத் துறைமுகத்துக்குள் நுழைந்த நிமிஷம் முதல் அந்த ஊர்ச் சட்டம், அந்த ஊர் போலீஸ், அந்த ஊர் கோர்ட்டு. சங்கிலியைக் கட்டிவிட்டு, 'கொஞ்சம் இருங்க, மேலிடத்தைக் கேட்டுட்டுச் சொல்றோம்' என்றால் முடிந்தது கதை. 2024 ஏப்ரல் 13-ல் ஹோர்முஸ் ஜலசந்திப் பக்கம் 'எம்.எஸ்.சி. ஏரிஸ்' என்ற சரக்குக் கப்பலை ஈரான் பிடித்தது. கொடி போர்ச்சுகலுடையது. சண்டை ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும். கப்பலில் இருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள்! நடுக்கடலிலேயே இந்தக் கதி என்றால் பகைநாட்டுத் துறைமுகத்துக்குள் கேட்கவா வேண்டும்? அதனால் போகாமல் இருப்பதே பூட்டு.

சூடுபட்ட கதை

டில்லிக்கு இந்த முன்ஜாக்கிரதை சும்மா வரவில்லை. 1965 யுத்தத்தில் பட்ட சூடு அது.

சண்டை மூண்டதும் இரண்டு தரப்பும் தங்கள் துறைமுகங்களில் சிக்கிய எதிராளியின் கப்பலையும் சரக்கையும் பிடித்துக்கொண்டன. கடைகள், மில்கள், நிலங்களும் தப்பவில்லை. சண்டை நின்றது. 1966 ஜனவரி 10-ல் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப்கானும் தாஷ்கண்டில் கையெழுத்துப் போட்டார்கள். பறித்த சொத்துக்களைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. கவனியுங்கள், 'தருவோம்' இல்லை, 'பேசுவோம்'!

நாம் 1968-ல் எதிரிச் சொத்துச் சட்டம் கொண்டுவந்து, இங்கே மாட்டியதை ஒரு காப்பாளர் கையில் ஒப்படைத்தோம். 12,000-க்கு மேற்பட்ட சொத்துக்கள் அப்படிச் சேர்ந்தன. பாகிஸ்தான் அங்கே மாட்டியதை 1971 வாக்கில் விற்றே தீர்த்துவிட்டது. சொத்தை இழந்த இந்தியர்களுக்கு நம் அரசாங்கமே மனம் இரங்கி, சரிபார்த்த தொகையில் 25 சதவீதம் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் நஷ்டஈடு இல்லை, கருணைத் தொகை. ரூபாய்க்கு நாலணா!

மே 3-ம் தேதி காலை எங்கள் முதலாளி போன் செய்தாரே, அந்தக் குரலில் இருந்தது இந்த நாலணா பயம்தான்.

தோலுக்கும் இது புதுசில்லை

எங்கள் தொழில் இந்த விளையாட்டை 1914-லேயே பார்த்துவிட்டது. அப்போது கல்கத்தாவிலிருந்து போகும் கச்சாத் தோல் வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகள்தான் கொடி கட்டிப் பறந்தன. முதல் உலக யுத்தம் வந்தது. ஒரே நாளில் அவர்கள் 'வியாபாரிகள்' பட்டியலிலிருந்து 'எதிரிகள்' பட்டியலுக்கு மாறினார்கள். கம்பெனிகளை மூடியது பிரிட்டிஷ் சர்க்கார்.

ஜெர்மனி சும்மா இருந்ததா? எம்டன் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்து சரக்குக் கப்பல்களாகத் தேடிப் பிடித்து மூழ்கடித்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டது. இன்றைக்கும் கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன்தான்.

சண்டையில் யாருக்கு லாபம் என்றால், நம் பக்கத்துத் தோலுக்கு! பட்டாளத்து பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டுமே? 1916 முதல் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலை சர்க்காரே வாங்கிக் கப்பலேற்றியது. யார் சொத்தோ போனது, யார் அடுப்போ எரிந்தது.

பாட்டியின் நூறு ரூபாய்... மன்னிக்கவும், கியாட்

எங்கள் வீட்டு அடுப்பு அணைந்த கதையும் உண்டு.

சின்ன வயசில் நாங்கள் 'டிரேட்' விளையாடுவோம். பம்பாய், கல்கத்தா என்று ஊர்களை வாங்கி விற்கும் ஆட்டம். தெருவில் மற்ற பிள்ளைகள் காகிதத்தை வெட்டி நோட்டு செய்வார்கள். நாங்கள் மட்டும் அசல் நோட்டிலேயே விளையாடினோம். பாட்டியின் தகரப் பெட்டியில், பாச்சா உருண்டை வாசனையோடு ஒரு கட்டு இருந்தது. எல்லாம் நூறு கியாட் நோட்டு. பர்மாப் பணம்.

தாத்தாவுக்கு ரங்கூனில் மளிகைக்கடை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் பாங்குகள் போயின. 1964 மார்ச்சில் கடைகள் போயின. 'ஒரு ஆபீஸர் வந்து கல்லாப்பெட்டியை எண்ணி, சாவியை வாங்கிக்கிட்டு, ரசீது கொடுத்தாருடா. ரொம்ப மரியாதையான மனுஷன்' என்பாள் பாட்டி. கைவசம் இருந்த ரொக்கத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார்கள். 1964 மே 17-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. தலையணை தலையணையாகவே ஆகிவிட்டது!

அந்த வருஷங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சிலருக்குப் பிழைக்க வழி செய்யத்தான் 1969-ல் பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் வந்தது. தாத்தா இன்னும் கொஞ்ச தூரம் ரயிலேறி ஆம்பூர் வந்து, ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை ஆனார். முதலாளியாக இருந்தவர் கணக்கு எழுதினார். பேரன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாத்தாவின் கடைக்கு முன்பே பெரிய பெரிய சொத்துக்கள் போயிருந்தன. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. உலகமே படுத்த அந்த மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் சொந்தமாகிவிட்டது. நிலத்தை இழந்த பர்மா விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1948-லும் 1953-லும் நில தேசியமயச் சட்டங்கள் வந்தன. நம் கண்ணுக்குப் பறிமுதல். அவன் கண்ணுக்குப் பறிபோனதைத் திரும்ப வாங்கியது.

"நம்ம கவர்மென்ட் ஒண்ணும் பண்ணலையா பாட்டி?" என்று கேட்டிருக்கிறேன்.

"கப்பல் அனுப்புச்சேடா" என்றாள்.

உண்மைதான். ஆட்களை மீட்கக் கப்பல் அனுப்ப முடிந்தது. சொத்தை மீட்கக் கப்பலை நிறுத்த முடியவில்லை. பர்மா அரிசியை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாடு நாம். அரிசிக் கடைக்காரனிடம் 'உன் கடைக்கு வரமாட்டேன்' என்று எப்படி மிரட்டுவது?

அண்ணாச்சி கடையும் அமெரிக்கத் துறைமுகமும்

மிரட்ட முடிந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கா. எல்லோரும் சரக்கு விற்க ஆசைப்படும் கடைத்தெரு அது. 'என் வாசலை மிதிக்காதே' என்று சொன்னால் கப்பல் கம்பெனிகளுக்கு வயிறு கலங்கும்.

1960-ல் பிடல் காஸ்ட்ரோ கியூபாவில் இருந்த அமெரிக்கச் சொத்துக்களை எடுத்துக்கொண்டார். சர்க்கரை ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எல்லாம். வியாபாரத் தடை வந்தது. 1992-ல் ஒரு சட்டம் போட்டு அதை இறுக்கினார்கள். வியாபாரத்துக்காகக் கியூபா துறைமுகத்தைத் தொட்ட கப்பல், 180 நாளைக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. அது எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் சரி! 'அந்தக் கடையில் பீடி வாங்கினால் என் கடையில் ஆறு மாசம் டீ கிடையாது' என்பது மாதிரி.

சரி, சொத்து திரும்பியதா? சொத்தை இழந்தவர்கள் மனுப் போட்டு, அமெரிக்க அரசு 5,913 கோரிக்கைகளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. மதிப்பு அன்றைய விலையில் 190 கோடி டாலர். அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று, காகிதம் காகிதமாகவே இருக்கிறது. என் பாட்டி வைத்திருந்த ரசீது மாதிரியே! அமெரிக்கனானாலும் ஆம்பூர்க்காரனானாலும் ரசீதுக்கு ஒரே மரியாதைதான்.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. அலபாமாவைச் சேர்ந்த வல்கன் மெட்டீரியல்ஸ் என்ற கம்பெனிக்கு மெக்ஸிகோவின் கரீபியன் கரையில் சுண்ணாம்புக்கல் குவாரியும், கல்லை ஏற்றச் சொந்தமாகத் துறைமுகமும் உண்டு. 2022 மே மாதம் மெக்ஸிகோ அரசு குவாரியை நிறுத்தியது. 2023 மார்ச்சில் துப்பாக்கியோடு வீரர்கள் உள்ளே நுழைந்து, வேறொரு கம்பெனியின் சரக்கு அங்கே இறங்க வழி செய்தார்கள். 2024 செப்டம்பரில் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். அமெரிக்க செனட்டில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து 2024-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அமெரிக்கனிடம் பறித்த துறைமுகத்தைப் பயன்படுத்தும் கப்பலுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இடமில்லை. 2025-ல் அதையே மறுபடி கொண்டுவந்தார்கள்.

இதைப் படித்ததும் 'அப்படிப் போடு' என்று கைதட்டத்தான் நினைத்தேன். மெக்ஸிகோ சொன்ன காரணத்தைப் படித்ததும் கை பாதியில் நின்றது. குவாரியால் காடு போகிறது, நிலத்தடி நீர் கெடுகிறது என்று மெக்ஸிகோ சொன்னது.

எங்கேயோ கேட்ட குரல்!

நடுவே ஒரு பாலாறு

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச். தோல் ஷாப்புக் கழிவால் பாலாறு கெட்டது, கிணறு கெட்டது, நிலம் கெட்டது. கெடுத்தவனே காசு கட்டவேண்டும் என்றது. தோல் ஷாப்புகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30-ல்கூட இதே பாலாற்று விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் மறுபடி கண்டித்திருக்கிறது.

அந்த 1996-ல் ஷட்டர் இறங்கிய தோல் ஷாப்பு ஒன்று அமெரிக்கக் கம்பெனியுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'என் சொத்தைப் பறித்துவிட்டார்கள், சென்னையைத் தொட்ட கப்பல் நியூயார்க் வரக்கூடாது' என்று அவன் சட்டம் போட்டிருந்தால்? ஷூ தைக்கிற என் அக்கா முதல் காகிதம் எழுதும் நான் வரை அடுத்த மாசச் சம்பளம் அம்பேல். ஆனால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் நின்ற விவசாயியை அந்தச் சட்டம் ஏன் என்று கேட்டிருக்காது.

பறிமுதலா, பாதுகாப்பா? இரண்டுக்கும் நடுவே ஒரு பாலாறு ஓடுகிறது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று, அந்தப் பக்கம் நின்றால் இன்னொன்று. துறைமுகக் கதவு இதையெல்லாம் விசாரிக்காது. அதற்குச் சாத்தத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, நாம் என்ன செய்வது?

கதவைச் சாத்துவது டில்லி, வாஷிங்டன் வேலை. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு மூன்றே காரியம்.

ஒன்று, இன்ஷூரன்ஸ் பாலிசியை 'ஆல் ரிஸ்க்' என்ற தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே படியுங்கள். பெயர்தான் ஆல். யுத்தத்தில் பிடிபட்டால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். யுத்த ஷரத்தைத் தனியாகக் காசு கட்டி வாங்கவேண்டும். அதுவும் சரக்கு தண்ணீரில் இருக்கும்வரைதான் காப்பு. கரையிறங்கிக் குடோனுக்குப் போய்விட்டால் கைவிரித்துவிடுவார்கள்.

இரண்டு, ஈ.சி.ஜி.சி. 1957-ல் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம். வாங்குகிறவன் திவாலானால் மட்டுமில்லை; அவன் நாட்டில் யுத்தம் வந்தாலும், அவன் அரசாங்கம் பணம் அனுப்பத் தடை போட்டாலும் நஷ்டத்தில் பெரும்பங்கை ஏற்கும் பாலிசி உண்டு. 'ரெகுலர் பார்ட்டி சார், எதுக்குத் தண்டமா பிரீமியம்?' என்பார்கள். பார்ட்டி ரெகுலர்தான். அவன் கவர்மென்ட் ரெகுலரா?

மூன்று, அசல் பில் ஆஃப் லேடிங். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரக்குக்குச் சொந்தக்காரர் மாதிரி. பணம் வரும்வரை அதை பாங்க் வழியாகவே நகர்த்துங்கள். 'அவசரம், நேரா கூரியர்ல அனுப்பிடுங்க' என்று தேன் ஒழுகப் பேசினால் மயங்காதீர்கள். எங்களுக்கே ஒரு தடவை அப்படி ஒரு பெட்டி போனது. பணம் வர பதினாலு மாசம். அந்த வருஷ தீபாவளி போனஸில் எனக்குக் கிடைத்தது ஒரு ஜோடி ஷூ. அதுவும் ரிஜெக்ட் ஆன பீஸ்!

இந்த மூன்றும் இருந்தால் ரூபாய்க்கு நாலணா என்பது கொஞ்சம் தேறும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். எங்கள் கப்பலில் கராச்சி சரக்கும் சேர்ந்தே இருந்தது. நம் துறைமுகத்துக்கு வர முடியாதே! எங்கள் பெட்டியை வழியில் இறக்கி வேறு கப்பலில் மாற்றினார்கள். பதினோரு நாள் லேட். கூடுதல் வாடகை எங்கள் தலையில். பக்கிள் வராமல் ஒரு லைனே பாதியில் நின்றது. தினக்கூலி ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவனுக்கு மட்டும் வலிப்பதில்லை. நம்ம விரலும் கொஞ்சம் நசுங்கத்தான் செய்கிறது.

"பெட்டி வந்துடுச்சில்ல... அது போதும் தம்பி" என்றார் முதலாளி. அன்றைக்கு மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார், கத்திரிக்காய்க் கூட்டோடு.

வீட்டுக்கு வந்தேன். என் மகன் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, நூறு கியாட் நோட்டுகளைத் தரையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இதுக்கு இப்ப எவ்வளவு கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுடா."

"அப்புறம் எதுக்கு பத்திரமா வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டுகளை அடுக்கி, பாட்டி கட்டிய அதே நூலால் கட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பூட்டு நல்ல பூட்டு. ரங்கூன் கடைக் கதவில் தொங்கியது. சாவியைத்தான் அந்த ஆபீஸர் வாங்கிக்கொண்டார். பூட்டைக் கேட்க மறந்துவிட்டார். ஆம்பூரில் புதுச் சாவி போட்டுக்கொண்டோம்.